பவுனும் நானும் வாங்கிய முதல் இசைத்தட்டு

என் பவுனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மழை தள்ளிப் பெய்ததால் இந்த வருடம் உப்பளத்தில் பாத்தி கட்டவே மாசி ஆகிவிட்டது. எனக்கு அங்கே வேலை இல்லாவிட்டாலும் காலையில் போய் வரப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். வீட்டில் இருந்தால் யாரிடம் பேசுவது?

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

கல்யாணமான முதல் தீபாவளிக்கு உனக்குப் புடவை எடுக்கப் பாண்டிச்சேரி போனோம். நீ புடவைக் கடைக்குள் வராமல் பக்கத்துக் கடை வாசலிலேயே நின்றுவிட்டாய். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு இசைத்தட்டு ஒன்று பாடிக்கொண்டு சுற்றியது.

“புடவ வேணாம் மாமா. இத வாங்கலாம்.”

“நம்மகிட்ட ரெக்கார்டு பிளேயரே இல்லியே.”

“பொட்டி மெதுவா வாங்கிக்கலாம். பாட்டு இன்னிக்கி வேணும்.”

கடைக்காரர் சிரித்தார். “வெயில் படாம எடுத்துட்டுப் போம்மா, வளைஞ்சிடும்” என்றார். மரக்காணம் வரும்வரை பஸ்ஸில் அதை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாய். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, “கொழந்த தூங்குதா?” என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா?

பிளேயர் வாங்க ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் சித்திரைத் திருவிழா வந்தது. மைக் செட்காரரிடம் தட்டைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டு நான் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். நீ உப்பு சுமந்துகொண்டிருந்தாய். பாட்டு உப்பளத்துக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு அப்படியே நின்றாய். மேஸ்திரி கத்தியும் நகரவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் கூடையைத் தூக்கினாய்.

கடைசி ஆறு வருடம் உனக்குக் காது கேட்காமல் போயிற்று. உன்னை வைத்துக்கொண்டு நான் மட்டும் கேட்பதா என்று தட்டுப் போடுவதையே விட்டேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ கேளு மாமா. உன் மொகத்தப் பாத்தா எனக்குப் பாட்டு தெரியுது” என்று எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறியதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். பிளேயரின் ஊசி இரண்டு வருடத்துக்கு முன்பே உடைந்துவிட்டது. பாண்டிச்சேரி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. தட்டை வெறுமனே சுற்றவிட்டு, பாட்டு ஓடுகிற மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். அத்தனை ஞாயிறும் உன்னை ஏமாற்றினேன்.

போன வாரம் நம் மகள் மல்லிகா வந்தபோது அவளிடம் இதைச் சொன்னேன்.

“அம்மாவுக்குத் தெரியும்ப்பா” என்றாள். “பொட்டி மேல கை வெச்சிப் பாத்திருக்குது. அதிரலன்னு எங்கிட்ட சொல்லுச்சி.”

“அப்ப ஏன் என்ன ஒண்ணும் கேக்கல?”

“நானும் அதான் கேட்டேன். ‘அவரு எனக்காகப் பாட்டு கேக்கறாருடி, கெடுக்காத’ன்னிச்சி.”

குயிலாப்பாளையத்தில் பழைய ரெக்கார்டுகள் விற்கிற கடை ஒன்று வந்திருக்கிறதாம். மல்லிகா அங்கே போய் ஊசி வாங்கி வந்து மாட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். நேற்று ஞாயிறு. காலையில் போட்டேன். கரகரவென்றாலும் பாட்டு தெளிவாகத்தான் வந்தது. ஆனால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை, பவுனு. பார்க்க யாரும் இல்லை. பாதியில் எழுந்து நிறுத்திவிட்டேன்.

வருகிற ஞாயிறு முழுதும் கேட்பேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே கேட்பேன். இனி நடிக்க மாட்டேன், இது உனக்குச் செய்கிற சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
தணிகாசலம்