ஆறு தையல் மெஷின்கள்

என்னங்க,

கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே வெளிநாட்டுக்காரியான என் பெயரில் உரிமம் கிடைக்காது என்று இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்தேன் அல்லவா? திங்கட்கிழமை போனபோது பூட்டு மாறியிருந்தது. "உரிமம் என் பேர்ல இருக்கு. வேணும்னா சம்பளத்துக்கு வாங்க" என்றார்.

மெஷின்களின் ரசீது என் பெயரில் இருந்தது. அதைக் காவல் நிலையத்தில் காட்டி, ஆறையும் வண்டியேற்றி என் அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போது படுக்க இடமில்லை. உட்கார்ந்தாலும், வேறு கடை தேட வேண்டுமே என்று உடனே எழுந்துவிடுகிறேன்.

எதிர்த் தெருவில் காலிக் கடை வைத்திருக்கும் இந்த ஊர் அம்மா ஒருவர் கூட்டுக்குச் சம்மதித்தார். இம்முறை எல்லாம் எழுத்தில். "தைக்க நீங்க இருக்கீங்க, துணி வெட்ட யாரு?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் வர்றார்" என்று சொல்லிவிட்டேன்.

கடை நிமிர்ந்ததும் வருகிறேன் என்கிறீர்கள். நிமிர்ந்த பிறகு வர விருந்தாளிகள் போதுமே.

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் புதுக் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்ட,
உங்கள் மனைவி