தேயாத மண்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அடுப்புச் சாம்பல் பூசி நானும் என் கூட்டாளி குமரனும் செய்த நிலா உருண்டை, காலைப் பனிமூட்டத்தில் களியாகிவிட்டது.

"நிலாவுல மழையாடா?" என்று பயல்கள் சிரித்தார்கள்.

சிரிக்க வைப்பது என் வேலை, நிலா மண்ணை விளக்குவது குமரன் வேலை. நேற்று அவன் வீட்டில் அவனைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இனிப் பள்ளிக்கு வரமாட்டான்.

"எங்கையடா உன்ர கூட்டாளி?" என்றார் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து சேர்.

"ராக்கெட் ஏறிட்டான் சேர். ரிட்டர்ன் டிக்கெட் இல்ல."

சேர் சிரிக்கவில்லை. "அப்ப நீ சொல்லு."

குமரன் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். "அங்க காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல. அதனால மண்ணு தேஞ்சு மழுங்காது. உடைஞ்சப்ப இருந்த கூர் அப்படியே இருக்கும்..."

பாதியில் நிறுத்திச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். அழுவதுபோல் நடிக்கிறேன் என்று நினைத்துப் பயல்கள் கைதட்டினார்கள்.