கட்டம் கட்டமாக வந்த செய்தி

16.11.2009, திங்கள்

மழை இல்லை, மூட்டம் மட்டும். திண்டுக்கல்லில் முதல் பஸ் ஏறியும் மன்னவனூர் வந்து சேரப் பகல் ஒன்றாகிவிட்டது. தலைமை ஆசிரியரிடம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். முறைத்தார்.

வாங்க வேண்டியவை: பிளேடு, மஞ்சள்தூள், மண்ணெண்ணெய்.

நேற்றைய சண்டை மனசை விட்டுப் போகவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்குப் போகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் கவிதா தட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாமன் வாங்கிக் கொடுத்த டச் போனே கதி. காலேஜ் முதல் வருடம். "நான் செத்தாலும் அதுலயே பார்த்துக்க" என்று சொல்லிவிட்டேன். பெற்ற மகளிடம், சோற்றுக்கு முன்னால். காலையில் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வரவில்லை.

18, புதன்

கடுங்குளிர். கைவிரல் மடங்கவில்லை.

இந்த ஊரில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏறிப் பேச வேண்டும். பேசுகிறவருக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் மற்றவர்களின் மரியாதை. காது மட்டும் இந்தப் பக்கம். கேரட் கழுவப் போகும் பேச்சியம்மாளின் மகன் திருப்பூரில் எந்தக் கடையில் சாப்பிடுகிறான் என்பதுவரை எனக்குத் தெரியும்.

ஏறியதும் கவிதாவிடமிருந்து மெசேஜ். அவள் போனில் தமிழ் அடிக்கலாம். என் பட்டன் போனில் அத்தனையும் வெறும் கட்டம் கட்டமாக. கடைசி ஆச்சரியக்குறி மட்டும் முழுசாகத் தெரிந்தது.

"மக என்னங்க சார் எழுதியிருக்கு?" பேச்சியம்மாள்தான்.

"நல்லா இருக்காளாம்."

வாத்தியாருக்கே படிக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? மகளிடம் கேட்கவும் கூச்சம். கோபம் தணிந்துதான் எழுதியிருப்பாள் என்று நானே முடிவு கட்டி, ஓகே என்று பதில் போட்டேன். மனசு லேசானது. ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

20, வெள்ளி

வருகைப் பதிவேடு பாக்கி. நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி.

பள்ளி விட்டதும் பாறைக்குப் போனேன். வீட்டுக்குப் போட்டேன். மனைவி சரஸ்வதி போனை எடுத்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? நான் ஹாஸ்டலுக்குப் போயிடுறேன், இனிமே நிம்மதியாச் சாப்பிடுங்கன்னு புள்ள எழுதுது. நீங்க ஓகேன்னு போட்டிருக்கீங்க! ரெண்டு நாளா அழுதுகிட்டே கெடக்கா. இன்னைக்கு ஹாஸ்டல் ஃபாரமும் வாங்கிட்டு வந்துட்டா."

அவளிடம் கொடு என்றேன். போன் கை மாறியது.

"கவிதா, எனக்கு அதைப் படிக்கவே முடியலம்மா. எல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு. உன்கிட்ட கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஓகே போட்டுட்டேன். அன்னைக்குச் சொன்னதும் தப்புதான். உன் மூஞ்சியப் பாக்கத்தான் அம்புட்டுத் தூரம் வர்றேன். நீ குனிஞ்சே இருந்தியா, பொறுக்கல. போகாதம்மா."

கத்தித்தான் சொன்னேன். இங்கே கத்தினால்தான் பேச்சு போய்ச் சேரும் என்று எல்லோருக்கும் பழக்கம். பின்னால் ஆறு பேர். ஒருவர்கூட இருமவில்லை.

"மெதுவாவே பேசுங்கப்பா," என்றாள். "கேக்குது."