நான்காம் மைல் வரை

லின்டோர்,
8 மார்ச் 1971

அன்புள்ள வால்டர்,

நலமா? உங்கள் நாய் பெக் இன்னும் ஆடுகளைப் பார்த்துக் குரைக்கிறதா?

நாம் மாதம் ஒருமுறை சந்திக்கும் சனிக்கிழமையாயிற்றே என்று, நான்காம் மைல் கல்லில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். ஃபிளாஸ்கில் இருந்த டீயை நானே குடித்துத் தீர்த்தேன், உங்கள் பேக்கரி பன் இல்லாமல். உங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து கில்ப்ரே பக்கம் மேலும் இரண்டு மைல் நடந்தேன். அங்கே புதிதாக ஓர் இரும்புக் கதவு, பூட்டு, 'தனியார் நிலம்' என்று ஒரு பலகை. கதவுக்கு அந்தப் பக்கம் ஈரமண்ணில் உங்கள் பூட்ஸ் தடமும் நாயின் காலடியும் வந்து, அப்படியே திரும்பிப் போயிருந்தன. இடுப்பளவுக் கதவு, வால்டர். வேறு யாராக இருந்தாலும் ஏறிக் குதித்திருப்பார்கள்.

கர்னல் ஓகில்வி கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிலத்தை வாங்கிய பிரென்டிஸ் அதற்குள் பூட்டிவிட்டார். நான் வக்கீல் கெட்டஸிடம் போனேன். அது பொதுவழி என்று நிரூபிக்க இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு சாட்சி வேண்டுமாம், இருபது வருஷம் விடாமல் நடந்தவராக. "யார்கிட்டயும் கேக்காம நடந்திருக்கணும்மா. கேட்டுட்டு நடந்தா அது தயவு. கேக்காம நடந்தாத்தான் உரிமை" என்றார். லின்டோர் சாட்சி நான். கில்ப்ரேயில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? அந்த வழி போய்விட்டால் என் சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கையெழுத்துப் போட வாருங்கள்.

அன்புடன்,
நெட்டா பர்விஸ்


கில்ப்ரே,
11 மார்ச்

மதிப்புக்குரிய திருமதி பர்விஸ் அவர்களுக்கு,

என்னால் கையெழுத்துப் போட முடியாது. நான் கேட்டேன்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கர்னலுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். "தங்கள் நிலத்தின் வழியாக இந்த ஆண்டும் நடந்துகொள்ள அனுமதி தர வேண்டுகிறேன்" என்று. கூடவே ஒரு டப்பா பிஸ்கட். அடுத்தவர் நிலத்தில் சொல்லாமல் கால் வைக்க என் அம்மா என்னை வளர்க்கவில்லை. இருபது கடிதங்கள். எல்லாம் அவர் அலுவலகத்தில் இருக்கும், இப்போது பிரென்டிஸ் கையில்.

உங்களிடம் சொல்லியிருந்தால் சிரிப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. மன்னிக்க வேண்டும். சனிக்கிழமை செய்த பன்களைப் பெக் தின்றுவிட்டது.

தங்கள் உண்மையுள்ள,
வால்டர் ரிடல்


லின்டோர்,
13 மார்ச்

வால்டர்,

சிரிப்பு வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கெட்டஸ் பேனாவை மூடி வைத்துவிட்டார். இருபது வருஷம் மழையிலும் பனியிலும் நடந்தது, உங்கள் நல்ல பழக்கத்தால் பாழாய்ப் போனது. எனக்கு உங்கள்மேல் கோபம். ஏப்ரல் சனிக்கிழமை நான் வரமாட்டேன்.

நெட்டா

பி.கு.: கர்னல் பதில் எழுதினாரா என்று வக்கீல் கேட்கச் சொன்னார்.


கில்ப்ரே,
16 மார்ச்

அன்புள்ள திருமதி பர்விஸ்,

எழுதினார். ஒரு வருஷமும் தவறவில்லை. எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், வக்கீல் பார்க்கட்டும். எல்லாம் ஒன்றுபோலத்தான். 1958-இல் எழுதியதை மட்டும் எடுத்து எழுதுகிறேன்:

"ரிடல், உமக்கு எத்தனை தடவை சொல்வது? அந்த வழி என்னுடையது அல்ல. என் தாத்தா காலத்திலேயே இரண்டு ஊர்க்காரர்களுக்கும் சொந்தம். கொடுக்கவும் மறுக்கவும் எனக்கு உரிமை இல்லை. பிஸ்கட்டுக்கு நன்றி."

பெரிய மனிதர், பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அடுத்த வருஷமும் கேட்டேன்.

வால்டர்


லின்டோர்,
2 மே

என் அருமை வால்டர்,

கதவை நேற்று கழற்றினார்கள். கெட்டஸ் அந்தக் கடிதங்களைக் காட்டியதும் பிரென்டிஸின் வக்கீல் வழக்கே வேண்டாம் என்றாராம். நில முதலாளியே தன் கையால் இருபது தடவை எழுதிக் கொடுத்த சாட்சி இந்த மாவட்டத்திலேயே கிடையாதாம். "அந்த ரிடல் ஐயா கேக்காம விட்டிருந்தா நமக்கு இது கிடைச்சிருக்குமா?" என்று கெட்டஸ் சிரிக்கிறார். என் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை டீ கொண்டுவருகிறேன். பன்னை நாயிடமிருந்து காப்பாற்றுங்கள்.

நெட்டா


கில்ப்ரே,
10 மே

அன்புள்ள நெட்டா,

சனிக்கிழமை வெயிலும் நீங்களும் இருந்ததால் பேச வேண்டியதைப் பேசாமலே வந்துவிட்டேன். நான்காம் மைல் கல்லைத் தாண்டி உங்கள் பக்கம் நான் ஒருநாளும் வந்ததில்லை. அடுத்த முறை லின்டோர் வரை, உங்கள் வீடு வரை நடந்து வர விரும்புகிறேன். உங்கள் கணவர் டேவிட் காலமான பிறகு அந்த வீட்டில் நீங்கள் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இங்கே நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

வர அனுமதி உண்டா?

வால்டர்


லின்டோர்,
12 மே

வால்டர்,

மறுபடியும் கேட்டுவிட்டீர்கள்.

வக்கீல் சொன்னதை மறந்தீர்களா? நான் அனுமதி கொடுத்தால் அது தயவாகிவிடும். எனக்கு உங்கள்மேல் தயவு ஒன்றும் இல்லை. அதனால் கொடுக்கமாட்டேன்.

கொல்லைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. சூப் அடுப்பில் இருக்கும். நாயின் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

உங்கள்,
நெட்டா