யாருக்கும் சொந்தமில்லாத துணி

டிங்வால்,
ஸ்காட்லாந்து.
27 ஆகஸ்ட் 1996

அன்புள்ள மாப்பிள்ளை கென்னத் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஹெக்டர் மக்ரே எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியார் ஜெசியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நியூசிலாந்துக் குளிரில் நீங்களும் கட்ரீனாவும் குழந்தை மோர்வென்னும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை. பார்லியை அறுக்க முடியாமல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்கள் கடிதம் ஜூன் மாதமே வந்துவிட்டது. எப்போதும் கட்ரீனாதான் எழுதுவாள். இந்த எட்டு வருடத்தில் நீங்களாக எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. மோர்வென் நம் ஊர் ஹைலண்ட் நடனம் கற்றுக்கொள்கிறாள், மேடையேற இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட கில்ட் தைக்க வேண்டும், "அம்மா வழி உரிமையில் அவள் மக்ரே குலத்துக்கென்று உள்ள கட்டத் துணியைப் போட்டுக்கொள்ளலாமா, மாமா? உங்களுக்கு மனமில்லை என்றால் வேண்டாம்" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு மாதம் பதில் போடாததற்குத் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், இதே கேள்வியை உங்களுக்காக நீங்கள் கேட்டீர்கள். கொல்லையில் நான் ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தேன். "அனாதை இல்லத்துல வளந்தவன் நான். எனக்குன்னு குலம் எதுவும் இல்ல, மாமா. உங்களோடதக் கட்டிக்கிட்டா கட்ரீனா சந்தோஷப்படுவா" என்றீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பொறப்புல வர்றது மாப்பிள்ளை, கேட்டு வாங்கறதில்ல" என்றேன். நீங்கள் சரி என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கல்யாணத்தன்று கலிடோனியா கட்டிக்கொண்டு வந்தீர்கள். எந்தக் குலத்துக்கும் உரியதல்லாத, யாரும் கட்டலாம் என்று வைத்திருக்கும் டார்ட்டன் கட்டத் துணி.

அதோடு நான் விட்டிருக்கலாம். விருந்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நூற்றிருபது பேருக்கு முன்னால், "நம்ம மாப்பிள்ளை யாருக்கும் சொந்தமில்லாத துணியக் கட்டிட்டு வந்திருக்காரு. யாருக்கும் சொந்தமில்லாதவருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு!" என்றேன். சிலர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே மடியில் இருந்த கில்ட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டீர்கள். கட்ரீனா முள்கரண்டியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் தொடவில்லை. அடுத்த வசந்தத்தில் நீங்கள் நியூசிலாந்துக் கப்பலுக்குப் பெட்டி அனுப்பினீர்கள். வேலை கிடைத்ததால்தான் மகள் போனாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததை இனிமேல்தான் எழுத வேண்டும். பேனா நகர மறுக்கிறது.

என் தாத்தா மக்ரே இல்லை. கிளாஸ்கோவில் ஏழைகள் விடுதியில் பிறந்தவர். தாய் அங்கேயே இறந்துபோனாள், தகப்பன் யாரென்று எழுதி வைக்கவில்லை. ஐந்து வயதில், கழுத்தில் பெயர் அட்டையைக் கட்டி, வேறு பிள்ளைகளோடு வடக்கே அனுப்பிவிட்டார்கள். கின்டேலில் டங்கன் மக்ரே என்ற குடியானவர் அவரை அழைத்துப்போய் வளர்த்தார். தன் பெயரையே கொடுத்தார். எனக்கு முதல் கில்ட் தைத்தபோது அப்பா இதைச் சொன்னார். "இந்தப் பேரு நமக்கு ஒரு நல்ல மனுஷன் குடுத்தது. அத மறந்துடாதடா" என்றார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

ஆக, ரோஜாச் செடி முன்னால் நின்றபோதும், கோப்பையைத் தூக்கியபோதும் எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் அட்டை தொங்கும் அந்தப் பிள்ளை ஞாபகம் வந்தது. அவர் எங்கள் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டார் என்று பயந்தேன் போலிருக்கிறது. ஜெசிக்குக்கூட இந்த மாதம் வரை நான் இதைச் சொன்னதில்லை.

ஜூலையில் இன்வெர்னஸில் கில்ட் தைக்கும் எஃபி அம்மாளிடம் போய், கலிடோனியாவில் எனக்கு ஒன்று வேண்டும் என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மக்ரேக்கு என்ன வந்துச்சு?" என்றார். பேரில்லாதவர்கள் கட்டும் துணிதானே இது என்று நான் உளறியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சொன்னது? கலிடோனியான்னா இந்த நாட்டோட பழைய பேரு. எரநூறு வருஷமா நெய்யறாங்க, எல்லாரும் கட்டிக்கட்டும்னு. உங்க குலத்துத் துணி மட்டும் என்ன, வானத்துலேருந்தா விழுந்துச்சு? எத்தனையோ துணிக்கு நெசவுக்காரங்க மொதல்ல வெறும் நம்பர்தான் போட்டிருந்தாங்க. பேரெல்லாம் அப்பறம் ஒட்டுனது" என்று பொரிந்து தள்ளினார்.

அதைக் கட்டிக்கொண்டு இந்த மாத விளையாட்டு விழாவுக்குப் போனேன். உங்களுக்கு எழுதும் முன் ஒரு நாளாவது அதோடு ஊர் நடுவே நடக்க வேண்டும் என்று நினைத்தேன். வாசலிலேயே லாக்லன் பிடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்து கூடவே இருப்பவன். "என்னடா ஹெக்டர், குலத்த வித்துட்டியா? இல்ல டூரிஸ்ட் பஸ்ஸுலேருந்து எறங்கி வர்றியா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை, நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னோடத பூச்சி அரிச்சிடுச்சு, இது வாடகைக்கு எடுத்தது" என்றேன். அறுபத்தெட்டு வயதில் இப்படியும் ஒரு பொய். குண்டெறியும் போட்டி தொடங்குவதற்குள் வீடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை லாக்லன் வீட்டுக்குப் போய்த் தாத்தா கதை முழுவதையும் சொன்னேன். அவன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "எனக்குத் தெரியுமேடா. கின்டேல் பக்கத்து ஆளுங்க பாதிப் பேருக்குத் தெரியும். அதுல என்ன வெக்கம்? அன்னிக்குக் கல்யாணத்துல நீ பேசுன பாரு, அதுக்குத்தான் நான் தலைய எங்க வச்சிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்" என்றான்.

அன்று விருந்தில் சிரிக்காமல் இருந்தவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே ஜெசியிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "மொதல்ல கென்னத்துக்கு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் என்னிடம் அனுமதி கேட்டிருந்தீர்கள். அனுமதி கொடுக்கும் இடத்தில் நான் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. மோர்வென் மக்ரே கட்டட்டும், கலிடோனியா கட்டட்டும், உங்களுக்கும் அவளுக்கும் எது பிடிக்கிறதோ அது. எதுவானாலும் எஃபி அம்மாளிடம் நான் தைத்து அனுப்ப நீங்கள் சம்மதிக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கட்ரீனாவிடம் கொடுங்கள். அவளுக்கு நானே நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்பது சுலபம் என்பதால் இங்கே கேட்கவில்லை. நீங்கள் மூவரும் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். பதில் எழுத மனம் வராவிட்டால் பரவாயில்லை. குழந்தையின் இடுப்பளவையும், அங்கிருந்து முழங்கால் வரை உள்ள நீளத்தையும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். தினமும் பதினொரு மணிக்குத் தபால் வரும்; நான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ஹெக்டர்