கோபுரமும் மலைப்பிளவும்

அன்புள்ள யூலாலி,

விடுதலை வந்த மறுவருடம் புயல் நம் கூரையைத் தூக்கிப் போனதே, அந்த வருடம்தான் எங்கள் வலையில் பீரங்கிக் குண்டு சிக்கியது. உன் முட்டிவலி எப்படி? பார்படாசில் நான் சுகம். நான் சொல்ல, சமையல்காரி எழுதுகிறாள்.

நான் கூட்டிப் பெருக்கும் ஆவணக் காப்பகத்தில் ஒரு பேராசிரியர், நம் டொமினிக்கா கடலில் அந்தக் காலத்துப் போரில் மூழ்கிய கப்பலைத் தேடுகிறார். ஒவ்வொரு காகிதமும் ஒவ்வோர் இடம் சொல்கிறதாம்.

“கடல்ல இருந்து பாத்தா மாதா கோயில் கோபுரம் மலைப்பிளவுக்கு நேரா வரணும். அங்கதான் எங்க வலையில குண்டு சிக்குச்சு. அங்கதான் ஐயா கப்பல்,” என்றேன்.

“எழுத்துல இருக்கா, பெரியவரே?” என்று சிரித்தார்.

“உங்க எழுத்துதான் இடம் மாறுது. என் மலை மாறல.”

சாட்சி இருந்தால் புத்தகத்தில் போடுவாராம். விடமாட்டேன். வாசனை இலைத் தைலம் கொஞ்சம் அனுப்பு. இங்கே முதுகு தேய்த்துவிட ஆளில்லை. குண்டு சிக்கிய அன்று படகில் நால்வர். இன்று என்னோடு உயிரோடு மிஞ்சியவனைச் சாட்சி எழுதிக் கொடுக்கச் சொல், நான் கேட்டதாகவே சொல்: நாற்பது வருடமாக நான் முகங்கொடுத்துப் பேசாத உன் அண்ணன் ஃபெரோல்தான் அவன்.