திருத்தம் போட வைக்காதே

திருமழிசை,
ஜூன் 15, திங்கட்கிழமை.

‘மூன்றாம் மணி’ மாணவர் இதழின் போளூர் நிருபர் திரு. கோபி அவர்களுக்கு, ஆசிரியர் பவித்ரா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் ‘டா’தான். வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதிலைக் காணோம். போன் செய்தால் உன் மாமா எடுத்து, நீ பந்தல் கட்டப் போயிருப்பதாகச் சொல்கிறார். எப்போது செய்தாலும் பந்தல். போளூரில் அப்படித் தினமும் யாருக்குடா கல்யாணம்?

இங்கே எல்லோரும் சுகம். பிளஸ் டூ ஆரம்பித்து, முதல் இதழையும் வெள்ளிக்கிழமை கொண்டுவந்துவிட்டோம். ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். அதை உடனே பிரிக்காதே. கடிதத்தை முடித்துவிட்டுப் பிரி.

நீ இல்லாமல் தலைப்புகள் உருப்படவில்லை. இஸ்மாயில் ஒரு தலைப்பு போட்டான்: ‘புவி வெப்பம் குறித்த மாநாட்டில் கலந்துகொண்ட நாடுகள் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாமல் கலைந்தன.’ உலகப் பக்கத்தில் பாதி இடம் தலைப்புக்கே போய்விட்டது. நீயாக இருந்தால் ‘பேசினார்கள், போனார்கள்’ என்று முடித்திருப்பாய். பூந்தமல்லி மெட்ரோ செய்திக்கு மூன்று பேர் மூன்று தேதி சொன்னார்கள், அதனால் தேதி போடாமலே விட்டோம். இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லாத எதையும் போடக்கூடாது என்பது நம் சட்டம். அதில் நான் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நான் இந்த இதழில் ஒரு பொய்ச் செய்தி போட்டுவிட்டேன் கோபி.

நடந்தது இதுதான். அச்சுக்குப் போகுமுன் சாவித்திரி மிஸ் பார்த்தார்கள். பெயர்ப் பட்டியலில் ‘போளூர் நிருபர் கோபி’ என்று இருந்ததைப் பார்த்து, அவன் அங்கே எந்த ஸ்கூலில் படிக்கிறான் என்று கேட்டார்கள். படிக்கிற பிள்ளைகளின் பெயர் மட்டும்தான் வரலாம், படிப்பை விட்டிருந்தால் எடுத்துவிடச் சொன்னார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். போளூரில் பிளஸ் டூ சேர்ந்துட்டான் மிஸ் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்! அப்போ அதை முதல் பக்கத்திலே போடு, எல்லாரும் அவனைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள்.

போட்டேன். என் கையாலேயே கட்டம் கட்டிப் போட்டேன். செய்திகளைச் சரிபார்க்கிறவன் இஸ்மாயில் அல்லவா, இன்னா பவி, இதுக்கு ரெண்டாவது ஆள் யாரு என்று கேட்டான். கோபியோட அம்மா என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இதழ் கொடுத்ததும் விஷால் பெஞ்சு மேல் ஏறி, மச்சான் சேந்துட்டான்டா என்று கத்தினான். பின் வரிசை முழுக்கக் கைதட்டியது. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதான் உன் அம்மாவுக்கு நிஜமாகவே போன் செய்தேன். எல்லம்மா அத்தை மனசுவிட்டுப் பேசினார்கள். இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உன் அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது நீ மாமாவின் பந்தல் கடைக்குப் போனது சரி. அப்போது உங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் அப்பாவுக்குத்தான் செய்யாறு பக்கம் வேலை கிடைத்துவிட்டதாமே? அவருக்கு வேல கெட்ச்சி மாசமாவுது, இவன்தான் ஸ்கூல் பேச்ச எடுத்தா எழுந்து பூடறான், புது ஊர்ல ஒருத்தனையும் தெரியாம போய் குந்திகினு இருக்க வெக்கமா கீதுன்றான் என்று அத்தை சொன்னார்கள்.

வெட்கமாம், வெட்கம். மழை விடுமுறை உண்டா இல்லையா என்று கேட்டு ஹெச்.எம். வீட்டு வாசலில் போய் நின்றவன் நீ. நிருபருக்கு என்னடா வெட்கம்? முதல் நாள் பக்கத்தில் இருப்பவனிடம் பேர் கேள், ஊர் கேள், உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேள். அதுதானே நம் வேலை?

உன் டி.சி. இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவார்கள், விசாரித்துவிட்டேன். இந்த வாரமே வரச் சொல். அத்தையைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அடுத்த இதழ் இருபத்தாறாம் தேதி. தப்பு எந்தப் பக்கத்தில் வந்தாலும் திருத்தம் முதல் பக்கத்தில்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டவனே நீதான். நீ சேரவில்லையென்றால் ‘ஆசிரியர் பவித்ரா எழுதியது பொய்’ என்று நானே போட்டுவிட்டு, ஆசிரியர் பொறுப்பிலிருந்தும் விலகிவிடுவேன். அதற்காகப் பயமுறுத்துவதாக நினைக்காதே. எனக்காகச் சேர வேண்டாம். உன் பெயரை என் கையால் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

திருத்தத்தை எழுதி வைத்துவிட்டேன். தலைப்புதான் வரவில்லை. தலைப்புக்கு எப்போதும் உன்னிடம்தான் வந்து நிற்பேன். இதற்கு மட்டும் ஒன்றும் அனுப்பாதே. நான் எழுதியதை நிஜமாக்கிவிடு கோபி.

அப்பா, அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பந்தலில் ஏறும்போது பார்த்து ஏறு. நீ நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உன் தோழி,
பவித்ரா

மச்சான், இஸ்மாயில்டா. தபால்ல போடச் சொல்லி பவி குட்த்தா, படிச்சிட்டேன். அவ சொன்னது பொய்னு அன்னிக்கே தெரியும். உங்க அம்மாவுக்கு அப்பவே போன் போட்டுக் கேட்டுட்டேன். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன். ஆக, பொய் சொன்னது ரெண்டு பேர். ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா அது செய்திடா. போய் சேந்துடு.